எடுத்துப் பார்க்காத பிரதி

1987ஆம் ஆண்டு ரமலானில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, என்னுடன் ஒரு டேப் ரிக்கார்டரும் வந்தது. தராவீஹ் முடிந்து வீடு அடங்கிய பின், என் உம்மா தமக்குப் பாடமாயிருந்த முனாஜாத்துகளையும் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் ஒவ்வொன்றாகப் பாடுவார்கள். நான் பதிவு செய்வேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவர்கள், அரபுத் தமிழில் அச்சான ஏடுகளை ஓதியும், தம் தாயார் பாடக் கேட்டும் கற்றுக்கொண்டவை அவை. 11 கேசட்டுகள் நிறைந்தன. 1994இல் உம்மா வபாத்தானார்கள்.

கேசட்டுகளில் பூசணம் படியத் தொடங்கியதைக் கண்டு, 2016இல் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினேன். 60 நிமிடக் கேசட்டை ஏற்ற 60 நிமிடம் ஓடவிட வேண்டும். அதில் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேர ஒலியைச் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 600 மெகாபைட் ஆகும். 11 கேசட்டுகளும் சேர்ந்து 7 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டன. ஒரு சிறிய பென்டிரைவில் கொள்ளும் அளவுதான். அந்த அளவைக் காக்கத்தான் நான் தவறினேன்.

2023இல் ஒரு நாள் காலை கணிப்பொறியை இயக்கியபோது விண்டோஸ் எழவில்லை. உள்ளிருந்து 'டிக், டிக்' என்னும் ஒலி மட்டும் கேட்டது. ஹார்டு டிஸ்க்கில் அவ்வொலி எழுந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறியாமல் ஐந்தாறு முறை இயக்கிப் பார்த்தேன். ஆயினும் மனம் கலங்கவில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், தனியே ஒரு ஹார்டு டிஸ்க்கை இணைத்துக் காப்புப் பிரதி எடுப்பது என் வழக்கம். வேலை முடிந்ததாகத் திரையில் எழுத்துத் தோன்றும். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுந்துவிடுவேன்.

புதிய டிஸ்க்கைப் பொருத்தி, விண்டோஸை நிறுவி, பிரதியிலிருந்து மீட்டெடுத்தோம். கடிதங்கள் வந்தன. பேரப்பிள்ளைகளின் படங்கள் வந்தன. மின்கட்டண ரசீதுகளும் வந்தன. உம்மாவின் குரல் வரவில்லை.

காரணம் எளியது. பிரதியெடுக்கும் நிரல், என் பெயரில் வழக்கமாக அமைந்திருந்த ஃபோல்டர்களை மட்டுமே எடுத்து வந்திருக்கிறது. பாடல்களோ 'டி' பகுதியில் நானே உண்டாக்கிய ஃபோல்டரில் இருந்தன. அதனையும் சேர்க்குமாறு நான் நிரலுக்குச் சொல்லவேயில்லை. குற்றம் கருவியுடையதன்று, என்னுடையது. 'டி'யில் வைத்தால் பத்திரம் என்று நம்பியதும் பேதைமையே. 'சி'யும் 'டி'யும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். விண்டோஸ் கெட்டால் 'டி' தப்பும். டிஸ்க்கே கெட்டால் இரண்டும் ஒருசேரப் போகும். பழைய டிஸ்க்கை மீட்பு நிலையம் ஒன்றுக்கு அனுப்பினேன். தட்டின் மேற்பரப்பே கீறுண்டு போயிற்று என்று திருப்பி அனுப்பினார்கள். பரணில் கிடந்த கேசட்டுகளை எடுத்தேன். நாடா ஒட்டிப்போய் அறுந்தது.

செய்தியறிந்த என் ராத்தாவின் மகள், ஒரு பழைய பென்டிரைவைத் தேடி எடுத்து வந்தாள். 2018இல் தன் திருமணத்தின்போது, அவள் விரும்பிக் கேட்ட 4 கேசட்டுகளின் பாடல்களை அதில் போட்டுக் கொடுத்திருந்தேன். நான் மறந்தே போயிருந்தேன். அந்த 4 மட்டும் மிஞ்சின, 7 போய்விட்டன.

ஆண்டுக்கணக்கில் பிரதி எடுத்தேன்; ஒரு நாளேனும் அதிலிருந்து எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கையேயன்றிப் பாதுகாப்பன்று.

இவ்வுண்மை நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஆண்டுதோறும் ரமலானில் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிச் சரிபார்த்ததையும், இறுதி ஆண்டில் அவ்வாறு இருமுறை நிகழ்ந்ததையும் ஹதீஸ்கள் எடுத்துரைக்கின்றன. யமாமாப் போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி குர்ஆனை ஒன்றுதிரட்டியவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள். தம் நெஞ்சிலேயே அது இருந்தும், அதனோடு அமையாமல், எழுதப்பெற்றவற்றைத் தேடிச் சாட்சிகளையும் வேண்டினார்கள் என வரலாறு கூறும். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள், ஹப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளைக் கொண்டு பிரதிகள் எழுதுவித்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைமறையைக் காப்பது அல்லாஹ் ஏற்ற பொறுப்பு; அதனை என் கணிப்பொறியோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அருமையானதைக் காக்க முன்னோர் மேற்கொண்ட ஒழுங்கை நாமும் கற்கலாம் என்பதே என் கருத்து.

இப்போது நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். முதலில், திரும்பப் பெறக்கூடியதையும் பெற முடியாததையும் பிரித்துக்கொண்டேன். விண்டோஸையும் நிரல்களையும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். அவற்றின் பட்டியல் ஒரு தாளில் இருந்தால் போதும். குரலும் படமும் எழுத்துமே இழந்தால் மீளாதவை. அவற்றை ஒரே ஃபோல்டரின் கீழ்க் கொண்டுவந்தேன். பிரதி எடுப்பது இதனாலேயே பாதி எளிதாயிற்று. முதல் முறை முழுவதையும் எடுக்க மணிக்கணக்கில் ஆகும்; அதன்பின் புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டும் எடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்து, பிரதிகளின் எண்ணிக்கை. அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி ஒன்று உண்டு. மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், 1 வீட்டுக்கு வெளியே. என் கணிப்பொறியில் ஒன்று. தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. ராத்தாவின் மகள் வீட்டில் பென்டிரைவில் ஒன்று. பென்டிரைவை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டுவைத்தால் அதில் பதிந்தது மெல்ல அழியக்கூடும். ஆகவே பெருநாள்தோறும் அங்குச் செல்லும்போது அதனைப் புதுப்பித்து வருகிறேன். தனி டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் தீய நிரல்கள் புகுந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. இணையச் சேமிப்பும் நன்றே. ஆனால் இரு பக்கமும் ஒத்திருக்குமாறு அமைத்தால், இங்கு அழித்தது அங்கும் அழியும் என்பதை மறக்கலாகாது.

மீட்டெடுக்கும் நாளுக்கு வேண்டியவற்றையும் முன்னரே ஆயத்தம் செய்துள்ளேன். விண்டோஸை நிறுவ ஒரு பென்டிரைவ் தனியே இருக்கிறது. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இன்றித் திறக்க இயலாமற்போகலாம்; அதனைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துள்ளேன். எனக்குப் பின் பிள்ளைகளும் அறிய வேண்டுமல்லவா?

எல்லாவற்றினும் முதன்மையானது சோதனை. மாதத்தின் முதல் வெள்ளியன்று, பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வேறோர் ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பார்க்கிறேன். பெயர் இருந்தால் போதாது, திறக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மகனின் கணிப்பொறியில் முழுவதையும் மீட்டுப் பார்க்கிறோம்.

சென்ற மாதம் சோதனைக்கு எடுத்தது உம்மாவின் மூன்றாம் கேசட். பாதிப் பாட்டில், தெருவில் பக்கீர்சாவின் தப்ஸ் ஒலி கேட்கிறது. உம்மா பாட்டை நிறுத்தி, "போதும் வாப்பா, அதை நிறுத்து, சஹருக்கு நேரமாச்சு" என்கிறார்கள். அத்தோடு முடிகிறது.

இதனை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய குரல் ஒன்று இருக்கும். பிரதி எடுத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வதோடு நில்லாதீர்கள். இன்றிரவே அதனை ஒருமுறை திறந்து கேட்டுப் பாருங்கள்.