ஐயமும் மழைமானியும்

எதையும் எளிதில் நம்பிவிடாத இயல்பு எனக்குத் தந்தை வழியில் வந்த சொத்து. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை ஒன்றில் கணக்கெழுதி வந்த அவர், முதலாளி சொன்ன தொகையைக்கூட இருமுறை கூட்டிப் பார்த்த பின்னரே பேரேட்டில் ஏற்றுவார். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்திற்குக் குடிபெயர்ந்த எங்கள் குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்றவை கரமனையில் ஒரு சிறு வீடும் இந்தக் குணமும்தாம். நான் அறிவியல் பயின்றவன் அல்லன். கலைப் பாடத்தில் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன். ஆயினும், புவி வெப்பமடைதல் பற்றியும் சுற்றுச்சூழல் சட்டங்கள் பற்றியும் நண்பர்கள் மாலை வேளைகளில் வாதிடும்போதெல்லாம் ஐயுறுவோர் பக்கமே நான் அமர்ந்திருந்தேன். அந்த இருக்கையிலிருந்து சற்றே நகர நேர்ந்த கதையை இங்கே எழுதுகிறேன்.

என் ஐயத்திற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலைக் குழு 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், இமயமலையின் பனியாறுகள் 2035-ஆம் ஆண்டுக்குள் மறைந்துபோகக் கூடும் என்று ஒரு வரி இருந்தது. உலகெங்கும் அச்சத்தைப் பரப்பிய அந்த வரிக்குத் தக்க சான்று இல்லை என்று 2010 ஜனவரியில் அக்குழுவே ஒப்புக்கொண்டது. வானிலைத் துறையின் கணிப்பும் அப்படியே. 2018-ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் சராசரியில் 97 விழுக்காடு பெய்யும் என்று ஏப்ரல் மாதத்தில் சொன்னார்கள். பெய்ததோ 91 விழுக்காடு. நாடு இவ்வாறு மழை குறைந்து நின்ற அதே ஆண்டில்தான், ஜூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு 19 வரை, கேரளத்தில் வழக்கத்தைவிட 42 விழுக்காடு மிகுதியாகப் பெய்து நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மூன்று மாதத்திற்கு முன்னால் சொல்லத் தெரியாதவர்கள் நூறாண்டுக்குப் பின்னால் நிகழப்போவதை எப்படிச் சொல்வார்கள் என்று நான் கேட்பேன். எதிரில் இருப்பவர்கள் சிறிது நேரம் பேசாதிருப்பார்கள். அந்த மௌனத்தை என் வெற்றியாகக் கருதிக்கொள்வேன்.

சட்டங்களின் மேல் எனக்கிருந்த ஐயம் இன்னும் ஆழமானது. அது என் தொழிலிலிருந்து வந்தது. ஒரு விதி அறைக்குள் எழுதப்படும்போது எவ்வளவு நேர்மையாக இருக்கிறது, வெளியே வந்து யார் தலையில் விழுகிறது என்பதைக் குமாஸ்தாக்கள் அறிவார்கள். கடற்கரையைக் காக்கும் விதிமுறை 1991 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஆனால் கொச்சியை அடுத்த மரடில் நீர்நிலையின் ஓரமாக அடுக்குமாடிகள் எழும்பி, மக்கள் காசு கொடுத்து வாங்கிக் குடியேறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அந்த விதி முழுமையாக விழித்தெழுந்தது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி, 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் நான்கு குடியிருப்புகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை வேறு வகை. மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை தந்தது. அது கடுமையானது என்று எதிர்ப்பு எழவே, கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013-இல் வேறோர் அறிக்கை தந்தது. அதன்பின் வரைவு அறிவிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024 ஜூலை 31 அன்று வெளியானது ஆறாவது வரைவு. ஆறு முறை வரைவாகவே திரும்பி வரும் கோப்பு எதைக் குறிக்கும் என்பதை அலுவலகத்தில் இருப்பவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் அம்பூரியிலிருந்து அத்தான் அழைத்தார்.

என் மூத்த அக்காளை மணம் செய்து கொடுத்த ஊர் அம்பூரி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் அமைந்தது. வெள்ளறடையைக் கடந்து சிறிது தொலைவு போனால் காற்றில் ரப்பர்ப் பாலின் புளித்த மணம் வரும். அக்காள் வீடு நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அவர்களுக்கு உள்ளது அறுபது சென்ட் நிலம். அதில் ரப்பரும் கொஞ்சம் மிளகும் மரச்சீனியும்.

சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் அகலத்தில் சூழல் காப்பு மண்டலம் இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ‘பஃபர் சோன்’ என்று ஊரார் சொல்வது இதைத்தான். அவ்வாண்டு டிசம்பரில் செயற்கைக்கோள் படத்தின் அடிப்படையில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதில் வீடுகள் பல விடுபட்டிருப்பதாக மாநிலமெங்கும் புகார் எழுந்தது. ஊராட்சிகளில் உதவி மையங்கள் திறந்து மக்களிடம் விவரங்களையும் ஆட்சேபங்களையும் பெற்றார்கள். “தம்பி, நீ கவர்ன்மென்ட் பாஷை தெரிஞ்சவன். நமக்கு ஒரு மனு எழுதித் தரணும்,” என்றார் அத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் புறப்பட்டுப் போனேன்.

அத்தகைய அறிவிக்கைகளை அங்கே உட்கார்ந்து முழுவதுமாகப் படித்தேன். வேளாண்மைக்குத் தடை இல்லை. குடியிருப்போரை வெளியேற்றும் பேச்சும் இல்லை. தடை செய்யப்படுபவை கல் குவாரி, மாசு உண்டாக்கும் தொழிற்சாலை போன்றவையே. ஆனால் மரம் வெட்டுதல் முதலான பல இனங்களுக்கு நேராக ‘ஒழுங்குபடுத்தப்படும்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை நான் நன்கு அறிவேன். ஒரு விண்ணப்பம், ஓர் அலுவலகம், ஒரு காத்திருப்பு, மீண்டும் ஒரு விண்ணப்பம் என்பது அதன் பொருள். பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி விற்று மகளின் படிப்புக்குக் கட்டணம் செலுத்த நினைக்கும் அத்தானுக்கு அந்தச் சொல் ஒரு மலைப்பாம்பு.

இரவு முழுவதும் உட்கார்ந்து மனுவை எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதி, பின்பு மலையாளத்திலும் எழுதினேன். மூன்றாம் பத்தியில் என் ஐயங்களையெல்லாம் திரட்டி ஒரு வரி அமைத்தேன்: “இப்பகுதியில் பேரிடர் நேரும் என்பது வெறும் ஊகமே, அதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.” எழுதி முடித்ததும் மனத்தில் ஒரு நிறைவு இருந்தது.

காலையில் அடுக்களைத் திண்ணையில் அமர்ந்து அதைத் தமிழில் பெயர்த்து வாசித்துக் காட்டினேன். அத்தான் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பத்தியில் அக்காள் மரச்சீனி நறுக்குவதை நிறுத்தினாள்.

“அந்த வரிய வெட்டிப்போடு தம்பி. அன்னைக்கு ராத்திரி நீ இங்க இல்ல. நான் இருந்தேன்.”

அவள் சொன்னது 2001 நவம்பர் 9-ஆம் நாள் இரவை. ஐப்பசி மழை விடாது கொட்டிய அந்த இரவில் அம்பூரியில் மலைச்சரிவு உடைந்து மண்ணும் பாறையும் நீருமாக இறங்கியது. நாற்பதை நெருங்கும் உயிர்கள் மாண்டன. மணமாகி வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்த அக்காள், இடி என்று நினைத்த ஓசை நிற்காமல் தொடர்ந்ததையும், விடிந்ததும் ஊரார் மண்வெட்டியோடு ஓடியதையும் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாத செய்தி அன்று. தெரிந்தும் எழுதினேன். வாதத்தில் வெல்ல வேண்டும் என்ற வேகத்தில் என் கை அதைத் தாண்டிச் சென்றுவிட்டது.

“நாம கேக்குறது நம்ம நிலத்துக்கு,” என்றாள் அக்காள். “அதுக்கு மலையப் பத்திப் பொய் எழுதணுமா?”

நான் பதில் சொல்லவில்லை. நண்பர்கள் மௌனமானபோது நான் அடைந்த வெற்றியின் எடை எவ்வளவு என்று அப்போது தெரிந்தது.

திருவனந்தபுரத்திற்குத் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாளையத்தை அடுத்த வான் ஆய்வு நிலையக் குன்றின் வழியே ஒரு மாலை நடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1830களில், அந்தக் குன்றில் ஆய்வு நிலையம் அமைந்தது. பின்னர் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் அறிஞர் 1855-ஆம் ஆண்டில் கருவிகளைக் காட்டு வழியே சுமந்துசெல்லச் செய்து, ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக் கூடத்தை நிறுவினார். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவராக நாம் போற்றும் முனிவரின் பெயர் தாங்கிய மலையில் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் காந்த ஊசியின் அசைவையும் குறித்து வைத்தார்கள். அம்பூரியின் குன்றுகள் அந்த மலைத்தொடரைச் சேர்ந்தவையே. அப்பணியாளர்கள் எதிர்காலத்தைச் சொல்ல முனையவில்லை. கண்டதை எழுதினார்கள், மறுநாளும் எழுதினார்கள்.

கணிப்பு வேறு, அளவு வேறு என்பது எனக்கு அங்கே தெளிவாயிற்று. இமயப் பனி மறையும் ஆண்டைத் தவறாகச் சொன்னார்கள். பனி உருகிக் குறைந்துவருவது அளந்து கண்ட உண்மை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. இதை நான் ஐயுற வேண்டுமானால் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஐயுற வேண்டும். தணிக்கை செய்பவர் ஒரு பற்றுச்சீட்டை மறுக்கலாம். அதற்காகக் கருவூலத்தில் பணமே இல்லை என்று எழுத மாட்டார். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். எனக்குச் செலவு வைக்கும் செய்தியை மட்டும் ஐயுற்று, வசதியான செய்தியைக் கேள்வி கேளாமல் ஏற்றுக்கொள்வதற்கு ஐயம் என்று பெயரிடுவது தகாது. என் தந்தை தமக்கு ஆதாயமான தொகையையும் இருமுறை கூட்டிப் பார்த்தவர்.

மனுவைத் திருத்தி எழுதினேன். “மலை சரியும் என்பதை எங்களைவிட அறிந்தவர் இல்லை” என்று தொடங்கினேன். வரைபடத்தை நிலத்திற்கு வந்து சரிபார்க்கவும், முதலில் குவாரிகளைக் கட்டுப்படுத்தவும், சொந்த நிலத்து மரத்தை வெட்ட வரும் விண்ணப்பத்திற்குக் குறித்த நாட்களுக்குள் விடை தரவும், சரிவான இடங்களில் மழையை அளக்க ஏற்பாடு செய்யவும் கேட்டிருந்தோம். அத்தான் அதை உதவி மையத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தன் முந்தைய ஆணையைத் தளர்த்தியது. எங்கள் மனுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிவேன். ஒரு விதி தவறாக வகுக்கப்பட்டால் திருத்தச் சொல்லலாம், திருத்தவும் படும் என்பதற்கு அதைச் சான்றாக மட்டும் கொள்கிறேன்.

அயலகத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பை மூடியது. எழுபது பேர் மாண்டும் மறைந்தும் போயினர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். தலைமுறைகளுக்கு முன் தென்பாண்டிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்களின் வழியினர். காட்கில் அறிக்கை சரியா, கஸ்தூரிரங்கன் அறிக்கை சரியா என்ற வாதத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. ஆட்சேபிக்கச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் அவர்கள் குடியிருந்த வரிசையில் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, ‘இன்றிரவு இங்கே உறங்காதீர்கள்’ என்ற ஒரு சொல். அதைச் சொல்ல அருகில் யாராவது மழையை அளந்திருக்க வேண்டும்.

அது இயலாத காரியம் அன்று. வயநாட்டுக் கல்பற்றாவில் உள்ள ஹியூம் ஆய்வு மையம் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் மழைமானிகளை வைத்து, ஊர் மக்களைக் கொண்டே நாள்தோறும் அளவெடுத்து வருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணுக்குள் போவதற்கு முந்தைய நாளே, அங்கே பெய்த மழையின் அளவைக் கண்டு அம்மையம் எச்சரித்தது. அளந்தவர்கள் இருந்தார்கள். அந்த அளவு உரிய நேரத்தில் எல்லார் செவிக்கும் போய்ச் சேரவில்லை.

அவ்வாண்டு ஓணத்திற்கு அக்காளுக்குப் புடவையோடு ஒரு மழைமானியும் வாங்கிப் போனேன். விலை அதிகம் இல்லை. முற்றத்தில் மரநிழல் விழாத இடமாகப் பார்த்து அத்தான் அதை நட்டார். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அக்காள் அளவைப் பார்த்து, பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதுகிறாள். மழை மிகும் நாட்களில் என்னை அழைப்பாள்.

நண்பர்களோடு நான் இன்றும் வாதிடுகிறேன். நூறாண்டுக் கணிப்பைக் கேட்டால் இன்றும் என் புருவம் உயரும். ‘ஒழுங்குபடுத்தப்படும்’ என்ற சொல்லைக் கண்டால் இன்றும் எனக்கு உறுத்தும். ஆனால் ஐப்பசி மாதத்து இரவுகளில் கைப்பேசி ஒலித்து, “தம்பி, காலைல இருந்து நூறு மில்லிமீட்டர் தாண்டிட்டு,” என்று அக்காள் சொன்னால் நான் வாதிடுவதில்லை. விளக்கு முதலான சாமான்களை எடுத்துக்கொண்டு இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்கிறேன். அவள் போய்ச் சேர்ந்து மறுபடியும் அழைக்கும்வரை விழித்திருக்கிறேன்.