மாதா மாதம் தலைக்கணக்கு

என் அக்கா மகன் திருவள்ளூரில் சிறிதாக ஒரு கம்பெனி நடத்துகிறான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள சின்னத் தொழிற்சாலைகளின் டாலி கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவனுடைய சர்வரில் ஓடுகின்றன. வரவுக்கும் செலவுக்கும் இடிக்கிறது, வந்து பாருங்கள் மாமா என்றான். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்தர் எழுதிய ஆளுக்கு வேறென்ன வேலை, போனேன்.

இவனைப் போலப் பிறருக்குச் சேவை தருகிறவர்களுக்கென்று மைக்ரோசாப்டில் ‘எஸ்.பி.எல்.ஏ.’ என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. முன்பணம் கிடையாது. மாதம் முடிந்ததும் இத்தனை பயன்பாடு என்று இவனே கணக்குக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். பூஜ்யம் என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். தணிக்கை செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு.

கேட்டால் மின்சார மீட்டர் மாதிரிதான் இருக்கிறது. பிரான்ஸில் மின்சார பில்லில் ‘அபோன்மான்’ என்று சந்தாவைத் தனியாகவும், ஓடிய யூனிட்டைத் தனியாகவும் போடுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்ததால் அந்த வார்த்தை மனதில் நிற்கிறது. இவன் பில்லில் எது சந்தா, எது யூனிட் என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வெளியிலிருந்து சர்வருக்குள் வந்து வேலை செய்ய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமம். உள்ளே வந்தவர்களை அல்ல, வர அனுமதி உள்ளவர்களை எண்ண வேண்டும். அதாவது இது மீட்டரே இல்லை, மஸ்டர் ரோல்!

ஒரே தொழிற்சாலையில் 62 பெயர்கள். அதில் 19 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். சூப்பர்வைசர்கள் கொஞ்சம் கூடச் சம்பளம் கிடைத்தால் தடா பக்கம் ஸ்ரீசிட்டிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் போனதை இவனுக்கு யாரும் சொல்வதில்லை. “ஆளே இல்லை, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?” என்கிறது தொழிற்சாலை. இவன் கைக்காசு போடுகிறான்.

இன்னொரு இடி, வி.எம்.வேர். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கிவிட்டது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பிராசசர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர். இவன் ப்ராக்ஸ்மாக்ஸ் என்கிற திறந்த மூல மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறான்.

“மாசம் 25-ஆம் தேதி பெயர்ப் பட்டியலை அனுப்பிக் கையெழுத்து வாங்குடா” என்றேன்.

“கஸ்டமர் கோவிச்சுப்பாங்க மாமா.”

“கோவிச்சுக்கட்டும். கையெழுத்து இருந்தா பணம் கேட்கலாம்.”

முதல் பட்டியலில் 18 பெயர்கள் அடிபட்டு வந்தன. ஒன்றை மட்டும் முதலாளி விட்டுவைத்திருந்தார். ஓய்வு பெற்ற அவருடைய பழைய கணக்குப்பிள்ளை. சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பாராம். அவருக்கான பணத்தை இப்போது முதலாளியே கட்டுகிறார்.