பாட்டி கேட்ட கேள்வி

நம் வீடுகளில் குழந்தைகளுக்கு எத்தனையோ விதமான பாதுகாப்புகள் செய்து வைத்திருக்கிறோம். கண் படாமல் இருக்கக் கன்னத்தில் மைப் பொட்டு, கிணற்றுக்கு மூடி, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர். ஆனால் 'தெரிந்த மனிதர்' என்னும் அபாயத்துக்கு மட்டும் மூடியும் இல்லை, சுவரும் இல்லை. அவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்து உபசரிக்கிறோம்.

இது மிகைப்படுத்திச் சொல்வதன்று. மத்திய சர்க்காரின் மகளிர், குழந்தைகள் நல இலாகா 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், நூற்றுக்கு 53 பேர் ஏதாவது ஒரு விதத்தில் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். பெண் குழந்தைகள் மட்டுமல்ல, ஆண் குழந்தைகளுந்தான். துன்பம் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தை அறிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பக்கூடிய ஸ்தானத்தில் இருந்தவர்கள். குழந்தைகளில் பெரும்பாலோர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இதற்கு விடையை நமக்கு உறவான ஒரு வீட்டிலேயே கண்டோம். ஒன்பது வயதுப் பையன், மாலையில் வாத்தியார் வீட்டுக்குப் பாடம் படிக்கப் போகமாட்டேன் என்று அழுதான். "படிப்பில் சோம்பல்" என்றார் தகப்பனார். பாட்டி மட்டும் அவனை மடியில் இருத்தி, "ஏண்டா கண்ணா, அங்கே என்ன?" என்று கேட்டாள். பாதி வார்த்தையும் பாதி அழுகையுமாகக் குழந்தை சொல்லிவிட்டான்.

உடனே பெரியவர்களின் சபை கூடிற்று. வாத்தியாரை மாற்றிவிடலாம், வெளியே மூச்சு விடவேண்டாம், குடும்ப மானம் என்னாவது என்று தீர்மானம் நிறைவேற இருந்தது. அப்போது பாட்டி கேட்டாள்: "நம்ம பிள்ளை நாளைக்குப் போகமாட்டான், சரி. அடுத்த வீட்டுப் பிள்ளை போவானே, அவனுக்கு யார் சொல்கிறது?"

சபையில் ஒருவரும் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் தகப்பனாரே எழுந்து 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தார்.

அந்த எண்ணின் சரித்திரம் நேயர்கள் அறியவேண்டியது. 1996-ஆம் ஆண்டில் மும்பையில், டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜெரூ பில்லிமோரியா என்ற அம்மையார் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சேவை இது. நாளடைவில் தேசமெங்கும் பரவிற்று. 2023-ஆம் ஆண்டு முதல் சர்க்காரே இதை ஏற்று நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம்; காலணா செலவில்லை. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் சொன்னால் சிறு குழந்தைக்கும் மனத்தில் நிற்கும். நம் வீட்டுக் குழந்தையிடம் சொன்னபோது, "ஏழு எங்கே?" என்று கேட்டாள். பிறகு மறக்கவே இல்லை.

போலீஸ், கோர்ட்டு என்றால் நமக்கு நடுக்கம் எடுப்பது இயல்பு. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டம் அந்த நடுக்கத்தை அறிந்தே எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ, கூடியவரையில் ஒரு பெண் அதிகாரி, போலீஸ் உடுப்பு இல்லாமல் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்கவேண்டும். இரவில் எந்தக் குழந்தையையும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்க நேரக்கூடாது. குழந்தையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. மானத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன காப்பு வேண்டும்?

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் போலீஸுக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. அதற்கு 6 மாதம் வரை சிறைவாசமோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மௌனம் சாதிப்பதை நாம் கௌரவம் என்று நினைத்திருக்கிறோம். சட்டம் அதைக் குற்றவாளிக்குச் செய்யும் உபகாரமாகக் கருதுகிறது. சட்டத்தின் அபிப்பிராயமே சரியென்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் எண்ணும் சட்டமும் தாமாகவே நம் வாசலுக்கு வந்துவிடமாட்டா. குழந்தை முதலில் பேசுவது அம்மாவிடமோ பாட்டியிடமோதான். அந்த வேளையில் "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டினால், அப்புறம் எந்த டெலிபோனும் பயன்படாது. அதட்டாமல் கேளுங்கள், சொன்னதை நம்புங்கள், "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். பிறகு பத்து, ஒன்பது, எட்டு. மிச்சத்தைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.