சிவப்பா, பச்சையா?

உங்களுக்குக் கலியாணமாகி எத்தனை வருஷம் ஆயிற்று? பத்தா? இருபதா? எனக்கு 38 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் நடத்திய மனிதரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு சமாசாரம், போன வருஷம் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றால் நம்புவீர்களா? சிரிக்காமல் கேளுங்கள்.

நான் ஒரு பாங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிலருக்குத் தையல், சிலருக்குத் தோட்டம். எனக்குப் பொழுதுபோக்கு சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதுவது. படமும் பொத்தானும் உள்ள அலங்காரப் புரோகிராம்கள் அல்ல. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், எழுத்திலேயே பதில் சொல்லுமே, அந்தப் பழைய ரகம். மளிகைக் கணக்குக்கு ஒன்று, பால் கணக்குக்கு ஒன்று என்று வைத்திருந்தேன். இவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை என்று ஆனதும், ‘மருந்து’ என்று ஒன்று எழுதினேன். அந்தப் பெயரைத் தட்டினால் அன்றைய மாத்திரைகள் வரிசையாக வரும். விழுங்கியதும் அதன் எண்ணைத் தட்டவேண்டும்.

கறுப்பில் வெறும் வெள்ளை எழுத்து. பார்க்க அழுமூஞ்சியாக இருந்தது. நிறம் கொடுத்தால் என்ன என்று தோன்றிற்று.

நிறம் கொடுப்பது வெகு சுலபம். நாடகப் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அழுகிறாள்’ என்று போட்டிருக்கும். நடிகை அதை வாய்விட்டுப் படிப்பாளா? அழத்தான் செய்வாள். அதே மாதிரிதான் இதுவும். எழுத்துக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத 27-ஆம் எண் குறி ஒன்று, ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு ஒரு எண், கடைசியில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து. திரை இவற்றை அச்சிடாது, உத்தரவாக எடுத்துக்கொள்ளும். எண் 31 என்றால் சிவப்பு, 32 என்றால் பச்சை, 1 என்றால் தடித்த எழுத்து, 4 என்றால் அடிக்கோடு. முடிந்ததும் 0 போட்டு நிறுத்தவேண்டும். மறந்தால், சாயம் போகிற சிவப்புப் புடவையை மற்றத் துணிகளோடு ஊறவைத்த கதைதான். அதற்குப் பின்னால் வருகிற எழுத்தெல்லாம் சிவந்துவிடும்!

ஆகவே, விழுங்கிய மாத்திரை பச்சை; பாக்கி உள்ளது சிவப்பு. வேறு அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. நிறமே சொல்கிறபோது வார்த்தை எதற்கு? எனக்கு ஒரே பெருமை. தினமும் காலையில் நானே தட்டி, நானே படித்து, மாத்திரையையும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் திரையைப் பார்க்கவேண்டிய அவசியமே வரவில்லை.

பிறகு பெங்களூரில் இருக்கிற பெண் வீட்டுக்குப் பத்து நாள் போகும்படி ஆயிற்று. “சிவப்பாக இருந்தால் சாப்பிடுங்கள், பச்சையாக இருந்தால் சாப்பிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். அவரும் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்தாள். இவர் வாசல் திண்ணையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கி எண்ணையும் தட்டியவர், ஒன்பதரைக்குச் சந்தேகம் வந்து திரையைப் பார்த்து, இன்னொன்றையும் விழுங்கியிருக்கிறார்! நல்ல வேளை, சாயந்திரத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாலு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“பச்சையாகத்தானே இருந்திருக்கும்? பார்க்கவில்லையா?” என்று போனில் கத்தினேன்.

“பார்த்தேனே! எல்லாம் ஒரே மண் கலர்லதான் இருக்கு. ஒண்ணு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயான தக்காளியைப் பழம் என்று வாங்கிவந்த நாட்கள், என் பச்சைப் புடவையை அரக்கு என்று சொன்ன நாட்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கவனம் போதாத மனிதர் என்று எத்தனை தடவை சிடுசிடுத்திருக்கிறேன்!

“இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “வாலிபத்திலே ஒரு வேலைக்குக் கண் பரிசோதனைன்னு புள்ளிப் புள்ளியா ஒரு புஸ்தகத்தைக் காட்டினாங்க. அதிலே இருந்த நம்பர் தெரியலே. வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அதைப் போய் உன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிறக் குருடு ஒன்றும் அபூர்வமல்ல. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறதாம். பெண்களில் 200 பேருக்கு ஒருவருக்குத்தான். அதிலும் சிவப்பும் பச்சையும் குழம்புவதுதான் அதிகம். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்த நான் சரியாக அந்த இரண்டையும் பொறுக்கி எடுத்திருக்கிறேன்! நான் மட்டுமா? ‘கிட்’ என்று ஒரு புரோகிராம் உண்டு. உலகமெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் உபயோகிப்பது. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், அழித்த வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும்தான் அதுவும் காட்டும். ஆனால் அந்த வரிகளுக்கு முன்னால் கழித்தல், கூட்டல் குறிகளையும் போட்டிருக்கிறார்கள். பிடிக்காத நிறத்தை மாற்றிக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

இன்னொரு வேடிக்கை. இந்த உத்தரவுகளைப் பிரபலமாக்கிய அமெரிக்க முனையம் ஒன்று உண்டு, ‘வி.டி. 100’ என்று பெயர், 1978-இல் வந்தது. அதில் நிறமே கிடையாது! தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், கறுப்பு வெள்ளையை இடம் மாற்றிக் காட்டுவது ஆகியவற்றை வைத்துக்கொண்டே காரியம் நடந்தது.

ஊர் திரும்பியதும் புரோகிராமைப் பிரித்துப் போட்டேன். முதலில், ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே ‘சாப்பிட்டாச்சு’ அல்லது ‘பாக்கி’ என்று வார்த்தையாகவே எழுதவைத்தேன். அடுத்ததாக, சிவப்பு பச்சை என்ற பேச்சையே புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டேன். ‘இது ஆனது, இது ஆகாதது’ என்று மட்டும் அது சொல்லும். எது எந்த வேஷத்தில் வரவேண்டும் என்பது தனியாக ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். பார்க்கிறவர் தம் கண்ணுக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொள்ளலாம். நிறமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி செய்தேன். 2017-இலிருந்து ‘நோ கலர்’ என்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு குறிப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தால், இதற்கு இணங்கிய புரோகிராம்கள் எல்லாம் நிறத்தை விட்டுவிடும்.

டாக்டரிடம் காட்டுவதற்காகப் பட்டியலைக் கோப்பில் சேமித்தபோது, மாத்திரைப் பெயர்களுக்கு நடுவே அடைப்புக்குறியும் 31-ம் எம்மும் அசிங்கமாக வந்து நின்றன. நாடகத்து ‘அழுகிறாள்’ அச்சாகிவிட்டது! எழுத்து போய் விழுவது திரையிலா, கோப்பிலா என்று முதலில் விசாரித்து, திரையானால் மட்டும் வேஷம் போடச் சொன்னேன். தொல்லை தீர்ந்தது.

பிறகு இவரை நாற்காலியில் உட்காரவைத்து, “எது பளிச்சென்று தெரிகிறது? நீங்களே சொல்லுங்கள்” என்றேன். ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினேன். ஆனதற்கு நீலம், பாக்கிக்கு மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து என்று தேர்ந்தெடுத்தார். என் கண்ணுக்கு அது கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது. வாயைத் திறக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் அவரல்லவா?

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. பெங்களூரில் என் பேரன், ஐந்து வயது, ஒரு மரம் வரைந்து இலைகளுக்கெல்லாம் மண் நிறம் தீட்டியிருந்தான். “இலை பச்சைடா, அசடு!” என்று நான் சிரித்தேன், அவன் முகம் சுண்டிவிட்டது. பிறகு டாக்டரைக் கேட்டேன். இந்தக் குறை தகப்பனாரிடமிருந்து பெண்ணுக்குப் போய், அவளைப் பாதிக்காமல், அவளுடைய ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடும் என்றார்.

அடுத்த தடவை போனபோது, குழந்தையின் வண்ணக் குச்சி ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதிக்கொடுத்தேன்: சிவப்பு, பச்சை, மண் நிறம். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். பச்சை என்று எழுதிய குச்சியை எடுத்து, “பாட்டி, இலைக்கு இதுதானே?” என்றான்.

உங்கள் வீட்டிலும் காயையும் பழத்தையும் மாற்றி வாங்கிவருகிறவர் யாராவது இருந்தால், கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எனக்கு 38 வருஷம் பிடித்தது.