அடுத்த வீட்டுத் துப்பாக்கிகள்

எங்கள் வீட்டு நிலவறையில், கொலுப்படிகளும் பழைய சூட்கேஸ்களும் அடுக்கியிருக்கும் மூலையில், சென்ற ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை மூன்று துப்பாக்கிகள் இருந்தன. இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள், ஒரு கைத்துப்பாக்கி. மூன்றும் எங்களுடையவை அல்ல. நண்பர்கள் கூடும் இடங்களிலெல்லாம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்திக் குரலுயர்த்தி, பல விருந்துகளைப் பாழடித்த தம்பதி நாங்கள். அவை எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் எங்கள் நிலைப்பாட்டுக்கு வலுச்சேருமா, அல்லது அது பலவீனப்படுமா என்று இன்றும் விளங்கவில்லை.

எங்களில் ஒருவரின் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றிகளிடமிருந்து கடலைக்காட்டைக் காப்பதற்கென்று லைசன்ஸ் வாங்கியது. தேர்தல் அறிவித்தால் அதைப் போர்வையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி வருவார். எல்லாம் முடிந்த பிறகு போய் எடுத்து வருவார். அரசாங்கம் கேட்டால் கொடுக்கவேண்டிய பொருள் என்பதில் அவருக்கு மனக்குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பொறுத்தவரை துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி, பிறப்புரிமை அன்று. அந்த மனநிலையோடுதான் நாங்கள் விமானம் ஏறி வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகருக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கோ 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் இருக்கிறது. மூலத்தில் இருபத்தேழே சொற்கள். முற்பகுதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது, பிற்பகுதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றி. இரண்டுக்கும் இடையிலுள்ள காற்புள்ளியை வைத்துக்கொண்டு நம் உரையாசிரியர்கள் தோற்றுவிடும் அளவுக்கு வாதப் பிரதிவாதங்கள் நடந்திருக்கின்றன. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது தனிமனித உரிமையே எனத் தீர்ப்பளித்துத் தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை ரத்து செய்தது. அவ்வுரிமை வரம்பற்றதன்று என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. துப்பாக்கி ஆதரவாளர்கள் இந்த இரண்டாம் பகுதியைப் படிப்பதில்லை. முதற்பகுதியை எங்களைப் போன்றவர்கள் படிப்பதில்லை.

(தற்காலிக விசாவில் வந்திருப்போர் பொதுவாக இங்கே துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் வேட்டை உரிமம் ஒன்று எடுத்துக்கொண்டால் அந்தத் தடை விலகும். மென்பொருள் எழுத வந்தவன் மான் சுடத் தயார் என்றால் நம்பலாம் என்று யார் முடிவு செய்தார்களோ.)

எங்கள் கருத்துகள் இறுகியது 2007 ஏப்ரல் 16 அன்று. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ப்ளாக்ஸ்பர்க்கில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் முப்பத்திரண்டு பேரைச் சுட்டுக்கொன்றான். ஏப்ரலிலும் பனித்துகள் பறந்த குளிரான காலை அது. இறந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்தவர், நீரியல் கற்பித்தவர். வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார். அவரை நாங்கள் நேரில் அறியோம். இருந்தும், செய்தியில் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எங்கள் தெருவிலேயே இழவு விழுந்தாற்போல் இருந்தது.

பின்னர் வெளிவந்த விவரங்கள்தான் இன்னும் கொடுமை. தன் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியவன் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் அந்த மாணவனைக் குறித்துச் சொல்லி, மனநல சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. மருத்துவமனையில் தங்காமல் வெளியிலிருந்தபடி சிகிச்சை என்பதால், வர்ஜீனியா அத்தகவலைக் கூட்டாட்சியின் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பவில்லை. இரண்டு முறை துப்பாக்கி வாங்கினான், இரண்டு முறையும் சோதனையில் தேறினான். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற மாநில விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, முப்பது நாள் பொறுத்திருந்தே இரண்டாவதை வாங்கினான். அந்த இரண்டாவது, எங்கள் ரோனோக்கில் உள்ள ஒரு கடையில் விற்கப்பட்டது. காய்கறி வாங்கப் போகும் வழியில் அக்கடையின் பலகையைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சட்டம் இருந்தது, விதியும் இருந்தது. ஒரு தாள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுக்காரர் அப்போது எங்களுக்குப் புதியவர். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி. பனி பெய்தால் நாங்கள் எழுவதற்குள் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டிருப்பார். எங்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அவர்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தார்கள், அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். எனினும், பிள்ளைகளைத் தனியாக அவர் வீட்டுக்கு அனுப்பும் முன் "துப்பாக்கி எங்கே வைத்திருக்கிறீர்கள், பூட்டு இருக்கிறதா?" என்று கேட்டோம். தொண்டை வறண்டுவிட்டது. அவர் கோபிக்கவில்லை; எங்களை அழைத்துப்போய் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

அதன்பின் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் வேலிக்கு இருபுறமும் நின்று சண்டையிட்டோம். ஒரு நாள், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தை ஆங்கிலேயர் செய்த தவறுகளிலேயே மிகக் கறைபடிந்ததென்று உங்கள் காந்தியே சொல்லியிருக்கிறாரே என்று மடக்கினார். வீட்டுக்கு வந்து 'சத்திய சோதனை'யைப் புரட்டினோம். சொன்னது உண்மைதான். 1918இல் கேடா மாவட்டத்தில், பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதிய துண்டறிக்கையில் சொன்னது! மறுநாள் இதை வெற்றிக் களிப்புடன் எடுத்துச் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: "சரி, அந்தச் சட்டம் வெள்ளையருக்கும் பொருந்தியதா?" பொருந்தவில்லை. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. யார் கையில் இருக்கலாம் என்று அரசு முடிவு செய்யும்போது அரசு தன் முகச்சாயல் உள்ளவரையே தேர்ந்தெடுக்கும் என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

2020 ஜனவரியில் ரிச்மண்டில், மாநிலத்தின் புதிய துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அவரும் போனார். தனக்கோ பிறர்க்கோ கணிசமான ஆபத்து விளைவிக்கக்கூடியவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்மூலம் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்க வழிசெய்யும் சட்டமும் அவற்றுள் ஒன்று. அது அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அண்டை வீட்டான் உளவு சொல்வதற்கான சட்டம் என்று எங்களிடமே சொன்னார். அந்தக் கோடையில் நாங்கள் சில வாரம் பேசிக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் அவர் மனைவி இறந்தார். நாற்பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கை. மூன்று வாரம் கழித்து ஓர் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார். இரண்டு நீள உறைகள் தோளில், கையில் ஒரு சிறிய பெட்டி. "இவற்றைக் கொஞ்ச நாள் உங்களிடம் வைத்திருங்கள். சாவியும் உங்களிடமே இருக்கட்டும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தேநீர் போட்டோம். அவர் அதைக் குடிக்காமல் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்நாட்டில் 2021இல் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு முன்பே தெரியும், விவாதங்களில் எடுத்து வீசியும் இருக்கிறோம். ஆனால் எங்கள் வாதத்திலும் சரி, அவர் வாதத்திலும் சரி, எதிரே நிற்பவன் எப்போதும் ஓர் அந்நியனாகவே இருந்தான். எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைபவன். அவருக்கு இரவில் சன்னலை உடைப்பவன். அந்த இருபத்தாறாயிரத்தில் சன்னலை உடைத்து வந்தவன் யாருமில்லை.

ஏழு மாதம் அவை இருந்தன. முதல் வாரம் நிலவறைக்குப் போகவே கூசியது. பிறகு பழகிவிட்டது, அப்படிப் பழகியது எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் மாநில முதியோர் மருத்துவமனையில் ஆலோசனைக்குப் போய்வந்தார், தோட்டத்தில் தக்காளி போட்டார், எங்கள் வாசலில் இலைகளைக் கூட்டினார். அக்டோபர் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

அவரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு அடுக்களையில் நின்று தாழ்ந்த குரலில் சண்டையிட்டோம். வேட்டைத் துப்பாக்கிகளைக் கொடுத்துவிடலாம், கைத்துப்பாக்கி மட்டும் இருக்கட்டும் என்றார் ஒருவர். அவருடைய பொருளை வைத்துக்கொள்ள நாம் யார், நம்பித்தானே கொடுத்தார் என்றார் மற்றவர். உரிமம் வேண்டும், காத்திருப்புக் காலம் வேண்டும், பூட்டி வைப்பது கட்டாயமாக வேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் பேசினோமே, அவற்றில் எது இப்போது நமக்கு உதவுகிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அவரைத் துப்பாக்கியிடமிருந்து பிரித்தது எந்தச் சட்டமும் இல்லை. அவரேதான் கொண்டுவந்து தந்தார், திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற உறுதியில் தந்தார். கொடுக்காவிட்டால் இன்னொரு பிப்ரவரியில் அவர் இந்தக் கதவைத் தட்டுவாரா?

மூன்றையும் கொடுத்தோம், சாவியையும்.

அன்றிரவு அவர் வீட்டு விளக்கு ஒரு மணி வரை எரிந்தது. நாங்களும் எங்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் அதுவரை நின்றிருந்தோம். நவம்பர் மூன்றாம் வாரம் ஒரு டப்பாவில் மான் கறி கொண்டுவந்து கொடுத்தார். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து அவரையும் சாப்பிட அழைத்தோம். கைத்துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று இன்னும் கேட்கவில்லை.