வாசலில் நின்ற கட்டுச்சோறு

பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் நச்சரிப்பு ஆரம்பமாகிவிடும். "அம்மா, லீவுக்கு எங்கே?" நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்தக் கேள்விக்குக் கோயமுத்தூரில் இரண்டு மூன்று பதில்தான் இருந்தது. ஆழியாறு, பவானிசாகர் அணைப் பூங்கா, கொஞ்சம் தாராளமான வருஷமாக இருந்தால் ஊட்டி. எங்கே போனாலும் தூக்குப்போசியில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கூடவே வரும். மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்தால் அதுதான் ஹோட்டல்.

இன்றைய பிள்ளைகளுக்கு அணையும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம். சறுக்கி விழத் தண்ணீர் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர், சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம் என்று பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். போகத்தான் வேண்டும். குழந்தைகள் ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் டிக்கெட் காசை மட்டும் எண்ணிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டுச் செலவு நம் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

சில வருஷங்களுக்கு முன், வெளியூரில் ஒரு பார்க்குக்குப் போனோம். பேர் வேண்டாமே. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் அத்தை, அதாவது மாமியார். அத்தை விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து ஐந்து பேருக்கும் புளிச்சோறு கிளறி, வாழை இலையை வாட்டிக் கட்டிவைத்துவிட்டார். டிக்கெட் வாங்கி வாசலுக்குப் போனால் காவல்காரத் தம்பி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோமுங்க" என்றார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுச் சோறுங்க. காலைல ஆக்கினது. இதுல என்ன இருக்குது?"

"ரூல்ஸுங்க, ஆத்தா. அந்தத் தொட்டியில போட்டுட்டு வாங்க."

சோற்றைக் குப்பைத் தொட்டியில் போடுவதா! அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ புள்ளைகளைக் கூட்டிட்டுப் போ அம்மிணி. நா இங்கயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வாங்கின டிக்கெட்டைத் திருப்பித் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ளே கூச்சல் போட்டு ஆடியபோதெல்லாம் என் மனசு வேப்பமரத்தடியில்தான் இருந்தது. சாயங்காலம் வெளியே வந்தால், அந்தக் காவல்காரத் தம்பிக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் சோற்றைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்கிறார் அத்தை!

அன்று ராத்திரி கணக்கு எழுதினேன். உள்ளே நாலு பேர் மதியச் சாப்பாடு, பாட்டில் தண்ணீர், ஐஸ்கிரீம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் எங்கே தெரியுமா? பெரிய செலவு பார்க்குக்குள் ஆகவேயில்லை. திரும்பி வரும் வழியில், பசியில் பிள்ளைகள் சிணுங்க, கண்ணில் பட்ட முதல் ஹோட்டலில் வண்டியை நிறுத்தினோமே, அங்கேதான். பசித்த பிள்ளையோடு மெனு கார்டைப் பார்க்கிறவர்கள் விலையைப் பார்ப்பதில்லை.

வாசலில் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சினிமா தியேட்டர்கள் விஷயத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்க இடத்தின் உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தையோடு வருகிற பெற்றோர் அதற்கான ஆகாரத்தை நியாயமான அளவில் கொண்டுவரலாம். தியேட்டருக்குச் சொன்னதுதான் என்றாலும், தனியார் பொழுதுபோக்கு இடங்களில் என்ன கேட்கலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

சீனாவில் ஷாங்காய் டிஸ்னிலாந்தில் இதே கதை நடந்திருக்கிறது. 2019-இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி 46 யுவானுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு போக, வாசலில் தடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் என் அத்தையைப் போல மரத்தடியில் உட்காரவில்லை, வழக்குப் போட்டாள்! கடைசியில் 50 யுவான் நஷ்டஈடும் கிடைத்தது, அந்த வருஷம் செப்டம்பரில் விதியும் தளர்ந்தது. அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பார்க்குகளில் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகத் தடையே இல்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. ஆக, இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. கிளம்புவதற்கு முதல் நாளே போன் செய்து நாலு விஷயம் கேட்டுவிடுங்கள்: வெளிச்சாப்பாடு விடுவீர்களா, குழந்தை ஆகாரம் விடுவீர்களா, குடிதண்ணீர்க் குழாய் உண்டா, வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாமா? இந்த ஒரு போன் அன்றைக்கு நான் செய்திருந்தால் அத்தை மரத்தடியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அத்தைக்குக் கடன்பட்ட மாதிரியே இருந்தது. அதனால் போன கோடை லீவில் மேட்டுப்பாளையம் போகத் தீர்மானித்தபோது, முதலில் யோசித்தது கட்டுச்சோற்றைப் பற்றித்தான். உள்ளே கொண்டுபோனால்தானே பிரச்சினை? உள்ளே போவதற்கு முன்பே வயிற்றுக்குள் போய்விட்டால்? காலைச் சாப்பாடே கட்டுச்சோறு என்று முடிவு செய்தோம். அத்தைக்கு ஒரு நிபந்தனையும் போட்டேன், மூன்று மணிக்கு எழுந்திருக்கக் கூடாது என்று.

புளிக்காய்ச்சலை முதல்நாளே காய்ச்சிவிடலாம். அரைக் கிலோ அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், மஞ்சள், பெருங்காயம், ஒரு கை நிறையக் கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்குக் கோவைக்காரர்கள் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். காரமடைப் பக்கம் தோட்டம் தோட்டமாக விளைகிறதே! எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம், வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும். காலையில் சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு விசிறி ஆறவைத்த பிறகே காய்ச்சலைக் கலக்க வேண்டும். வறுத்த நிலக்கடலையைக் கடைசியில் சேர்த்தால்தான் நமுத்துப் போகாது.

'ஆறவைத்து' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுடச்சுட டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி வியர்த்துச் சோறு நசநசத்துவிடும். அதைவிட முக்கியம், அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. கொதியிலும் அதன் விதை பிழைத்திருக்கும். வெதுவெதுப்பான சோற்றில் மணிக்கணக்கில் பெருகி விஷத்தை உண்டாக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. புளிப்பு இந்தக் கிருமிக்கு ஆகாது என்பதால்தான் நம் முன்னோர் வழிப்பயணத்துக்குப் புளிச்சோற்றைத் தேர்ந்தெடுத்தார்கள் போலிருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் தயிர்ச்சோற்றையும் தேங்காய்ச் சட்னியையும் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. இட்லி கொண்டுபோனால் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவியே கட்டுங்கள்.

கோவை ஜங்ஷனில் காலை மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஏறினோம். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் சொற்பம். காரமடை தாண்டும்போது மலை ஜன்னலுக்குள் வந்துவிடும். அந்த இடத்தில்தான் இலையைப் பிரித்தோம். எதிர் சீட்டில் இருந்த ஒரு குடும்பமும் ஆளுக்கு ஒரு உருண்டை வாங்கிக்கொண்டது. அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி மலை ரயில் பெட்டிகளைப் பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள். 1899-இல் குன்னூர்வரையும் 1908-இல் ஊட்டிவரையும் போன ரயில். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதைப் பார்ப்பதற்குக் காசு கேட்கவில்லை.

உள்ளே போனதும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கவரைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் 150 ரூபாய். "இதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான்." பெரியவன் பதினோரு மணிக்குள் ஐஸ்கிரீமிலும் சிப்ஸிலும் தீர்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். சின்னவள் சாயங்காலம்வரை கவரைத் திறக்கவேயில்லை, வீட்டுக்கு வந்து உண்டியலில் போட்டாள். (இது யார் பக்கத்துக் குணம் என்று எங்கள் வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது.) "அம்மா, அது வாங்கித் தா" என்ற குரல் மட்டும் அன்று முழுக்க ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டை உள்ளேயே வாங்கினோம். அதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தண்ணீரில் ஆடுகிற பிள்ளைக்குப் பசி இரட்டிப்பாக எடுக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றரை மணிக்குப் போனால் கூட்டத்தில் பசியும் எரிச்சலும் சேர்ந்து அளவுக்கு மீறி வாங்கச் சொல்லும். சாதம், குழம்பு, மோர் போதும். பஜ்ஜியும் நூடுல்ஸும் ராட்டினத்துக்குப் பகை. சாப்பிட்டவுடன் தண்ணீரில் இறங்கினால் கைகால் இழுத்து மூழ்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் நிறைந்த வயிற்றோடு சுழன்றால் வாந்தி வருவது நிச்சயம். ஒரு மணி நேரம் நிழலில் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், குளத்துத் தண்ணீரை விழுங்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

தண்ணீருக்குள் இருப்பதால் குழந்தைக்கு வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. மணிக்கு ஒருதரம் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுங்கள். உப்புப் போட்ட மோர் உத்தமம். காலி எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோனால் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். பாட்டில் தண்ணீர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ஒரே பொருளுக்கு வெளியே ஒரு விலை, உள்ளே ஒரு விலை என்று அச்சிடுவதை 2018 ஜனவரி முதல் தடுத்துவிட்டார்கள். கடையில் கையில் வாங்கிப்போகிற பாட்டிலுக்கு அதற்கு மேல் கேட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னால் கதை வேறு; ஹோட்டல்காரர் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகையால் கவுண்டரிலேயே வாங்குங்கள்.

வாந்தி பேதி கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாட்டில் குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது.

நாலரை மணிக்குக் கிளம்பிவிட்டோம். மேட்டுப்பாளையத்தில் வாழைப்பழமும் வேகவைத்த நிலக்கடலையும் வாங்கினோம். சுற்றுவட்டாரத்தில் வாழை விளைவதால் பழம் நன்றாகவும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். ரயிலில் அதைக் கொறித்ததில் ஹோட்டல் என்ற பேச்சே எழவில்லை. ஒரு எச்சரிக்கை: திரும்பும்போது பவானி ஆற்றில் காலை நனைக்கலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடாதீர்கள். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென்று ஏறிவிடும். அந்த ஆற்றில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

ராத்திரிச் சாப்பாடும் காலையிலேயே தயாராக இருந்தது. ஒரு போசியில் இரண்டு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு அளந்து வைத்திருந்தேன். பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும், ஒரு கிண்ணத்தில் சீரகம், மிளகு, வரமிளகாய், மஞ்சள்தூள். நம் ஊர் அரிசிம்பருப்புச் சோறுதான். தாளித்து, ஏழு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் அரை மணியில் தட்டுக்கு வந்துவிடும். மேலே ஒரு கரண்டி நெய். இதில் என் பங்கு அளந்து வைத்ததோடு சரி. அடுப்பைப் பற்றவைக்கும் வேலை வீட்டுக்காரருடையது என்று கிளம்பும்போதே ஒப்பந்தம். சுற்றுலா என்று பேர் பண்ணிக்கொண்டு காலையிலும் ராத்திரியிலும் அடுப்படியில் நிற்பவளுக்கு எங்கே லீவு?

பிள்ளைகள் ஈரத் தலையோடு சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அன்று சேலையோடு குளத்தில் இறங்கக் கூடாது என்றதால் அவர் அலைக்குளத்தின் ஓரத்தில் நின்றே வேடிக்கை பார்த்தார்; அலை கணுக்கால்வரை வந்து தொட்டபோதெல்லாம் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். "அந்தத் துணி வாடகைக்குக் குடுக்கறாங்களாமா அம்மிணி? அடுத்த தபா நானும் போட்டுக்கறேன்" என்றார் மெதுவாக.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து குரல்: "எத்தனை விசில் விடறது?"

"நாலு" என்றேன் நான்.

"மூணு போதும்" என்றார் அத்தை, எழுந்திருக்காமலே.