அடுத்த வளைவைச் சொல்லும் குரல்

காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை நான் வானொலியில் பேசுகிறேன். பாடல், பிறந்தநாள் வாழ்த்து, விருந்தினர், நடுநடுவே போக்குவரத்துத் தகவல். எங்கே லோரி கவிழ்ந்தது, எத்தனை கிலோமீட்டர் நெரிசல் என்று பதினைந்து விநாடிகளில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். மழைநாளில் அந்தப் பட்டியல் நீளும். “சாலை வழுக்கும், கவனமாக ஓட்டுங்கள்” என்று முடிப்பது வழக்கம். கவனமாக ஓட்டுவது என்றால் கையும் காலும் சரியாக என்ன செய்ய வேண்டும்? எட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒரு நேயர்கூட அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

கடந்த நவம்பரில் எனக்கே அந்தக் கேள்வி வந்தது. விடியற்காலை நாலே முக்கால் மணி. நெடுஞ்சாலையின் தாழ்வான இடத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. வேகம் 80தான், டயர் நன்றாகவே இருந்தது. ஸ்டீயரிங் திடீரென்று கையில் கனமே இல்லாமல் போனது. கார் ஒன்றரைச் சுற்று சுற்றி, தடுப்புக் கம்பியோரம் நின்றது. நல்ல வேளையாகப் பின்னால் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு மழை பெய்தால் என்னை நிலையத்தில் கொண்டுபோய் விடுவது என் கணவரின் வேலையாகிவிட்டது. அவர் வேலை முடிந்து வந்து படுப்பதே நள்ளிரவு. நாலு மணிக்கு எழுப்பினால் முகத்தைக் கழுவிக்கொண்டு சாவியை எடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராலி ஓட்டக் கற்றுத்தரும் இடம் ஜோகூரில் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னபோது பெயரைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொன்னேன். “கார் ரேஸா? ரெண்டு பிள்ள பெத்தவளுக்கு எதுக்கும்மா அது?” என்றார். ரேஸ் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். ரேஸில் ஒரே பாதையில் எல்லாரும் சேர்ந்து சுற்றுவார்கள். ராலியில் ஒவ்வொரு காரும் தனித்தனியாகப் புறப்படும். போட்டி கடிகாரத்தோடுதான். மண்சாலை, மலைச்சாலை, பனி என்று எதில் வேண்டுமானாலும் நடக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் சாலைகளில் நடக்கும். “அப்ப தோட்டத்து ரோடுன்னு சொல்லு” என்றார் அம்மா. அவர் குரலில் இருந்த பயம் பாதி குறைந்தது.

தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். மழை பெய்த செம்மண் இறக்கத்தில் பிரேக்கைத் தொடமாட்டாராம். சின்ன கீரில் போட்டு, எஞ்சினின் பிடியிலேயே லோரியை இறக்குவாராம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தோட்டத்துச் சாலை நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. அதை விளையாட்டாகப் பார்க்கத்தான் நமக்கு நேரம் இருந்ததில்லை.

இந்த விளையாட்டில் மலேசியாவின் பெயரை உலகத்துக்குச் சொன்னவர் கரம்ஜிட் சிங். 2002-இல், உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை புரோட்டோன் பெர்ட் காரில் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அலன் ஓ. பெயர் தெரியாத அந்தப் பக்கத்து இருக்கைதான் அன்று என்னை அதிகமாக இழுத்தது.

குளுவாங்கைத் தாண்டி, ஒரு தோட்டத்தின் ஓரம். நாங்கள் ஆறு பேர், அதில் பெண் நான் ஒருத்திதான். பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். எல்லாரும் அவரை அபாங் என்றே கூப்பிட்டார்கள். கார், ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா. உள்ளே மெத்தை, வானொலி எதுவும் இல்லை, இரும்புக் கம்பிக் கூண்டு மட்டும். வார்களை இறுக்கிக் கட்டியதும் மூச்சை அளந்துதான் விட வேண்டியிருந்தது.

முதல் பாடம், பிரேக்கை முழுதாக மிதி, ஸ்டீயரிங்கைத் திருப்பு. திருப்பினேன், கார் நேராகவே போனது. சக்கரம் சுழலாவிட்டால் அது திருப்பத்துக்குக் கட்டுப்படாது. “இப்போ பிரேக்கை விடு” என்றார். விட்டதும் மூக்கு சட்டென்று திரும்பியது. நம் வீட்டுக் காரில் ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். மிதித்த காலை எடுக்காமலே திருப்பலாம். ராலிக் காரில் அது கிடையாது. சரளைமண்ணில் பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும் என்பது ஒரு காரணம்.

பிறகு காரின் எடை பற்றி. பிரேக் போட்டால் எடை முன்னால் வரும், முன்டயர் தரையைக் கடிக்கும், பின்பக்கம் லேசாகும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் எடை பின்னால் போகும். ராலி ஓட்டுநர்கள் இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அந்த எடையை வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். என் இடது காலுக்குக் கிளட்ச்சைத்தான் தெரியும். எங்கள் எல்லாருடைய இடது காலும் அப்படித்தான், ஆறு பேரும் மாறி மாறித் தலையைக் கூண்டில் இடித்துக்கொள்ளாத குறை.

தண்ணீர் ஊற்றிய திடலில் கையால் இழுக்கும் பிரேக்கைப் போட்டு வேண்டுமென்றே கார் சறுக்கவைக்கப்பட்டது. நவம்பருக்குப் பிறகு முதல் முறையாகப் பின்பக்கம் நழுவுவதை முதுகில் உணர்ந்தேன். உள்ளங்கை வியர்த்தது. “பண்டாங் ஜாவோ!” என்று கத்தினார் அபாங். தூரத்தைப் பார். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவாய், போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாக அங்கே திருப்பும். நாலாவது முறை கார் நழுவியது, நேரானது. நான் கத்தவில்லை. ஏழாவது முறை சிரித்தேன்.

இடைவேளையில் நவம்பர் கதையைச் சொன்னேன். “அது வேற வியாதி” என்றார். டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் கார் மிதக்கும். ஆழம் அதிகமென்றால் நல்ல டயரும் மிதக்கும். அப்போது பிரேக் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டயர் மறுபடி தரையைத் தொடும்வரை காத்திரு. காலையில் படித்த எதுவும் இதற்கு உதவாதா என்று கேட்டேன். “காத்திருக்கப் பயமில்லாம இருக்குமே, அதுக்கு உதவும்” என்றார்.

மதியம்தான் எனக்கான நேரம். ராலியில் ஓட்டுநர் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை. போட்டிக்கு முன்பே சாலையை மெதுவாகப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் குறிப்பாக எழுதிவைப்பார்கள். எங்கள் பாடத்தில் 1 மிகக் கூர்மையான வளைவு, 6 கிட்டத்தட்ட நேர்ச்சாலை. “100, வலது 4, மேடு, இடது 2, உள்ளே வெட்டாதே.” நூறு மீட்டர் கழித்து மிதமான வலது வளைவு, பிறகு மேடு, அதன் மறுபக்கம் கூர்மையான இடது. அதன் உள்ளோரம் கல்லோ கானோ இருக்கிறது, ஒட்டிப் போகாதே. மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன என்பது ஓட்டுநருக்குக் காதில்தான் வருகிறது.

அபாங் ஓட்ட, நான் வாசித்தேன். ஓட்டுநர் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது குரல் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். முந்தினால் மறந்துவிடுவார், பிந்தினால் காட்டுக்குள் இருப்போம். இது எனக்குத் தெரிந்த கணக்கு. பாடகர் வாய் திறப்பதற்குள் பாட்டின் முன்னிசை மீது பேசி முடிக்க விநாடி எண்ணித்தானே பிழைக்கிறோம்! ஆனால் வானொலியில் குரலில் சிரிப்பு வேண்டும், இங்கே அது கூடாது. பதறினாலும் ஓட்டுநர் பதறுவார். அறிவிப்புப் பலகை பேசுவது போலப் பேசினேன். இறங்கியதும், “அடிக், நீ ஓட்டறதவிட நல்லா வாசிக்கற” என்றார் அபாங்.

நாங்கள் மலாயில்தான் வாசித்தோம். கானான், கிரி. இரைச்சலிலும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கிள்ளானிலிருந்து வந்த பொறியாளர் தம்பி ஒருவரும் நானும் ஓய்வு நேரத்தில் தமிழில் முயன்றோம். வலது, இடது இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன, தலைக்கவசத்துக்குள் குழம்பும். “சோத்தாங்கை, நொட்டாங்கைன்னு சொல்லலாமாக்கா?” என்றார் தம்பி. அதுவும் ‘ங்கை’யில்தான் முடிகிறது. தமிழில் ராலி ஓட்ட வேண்டுமானால் முதலில் இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

மிஷெல் மூத்தோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1981-இல் இத்தாலியின் சான்ரேமோவில் உலக ராலிச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண்ணானார். பக்கத்தில் குறிப்பு வாசித்தவரும் பெண்தான், ஃபப்ரிட்ஸியா போன்ஸ். அன்று இரவு விடுதியில் அவர்களின் பழைய காணொளிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக் காலைகளில் நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இடதுபுறத் தடம், வேகம் 60, தண்ணீர் தேங்கும் இடத்துக்கு முன்பே இன்னும் குறைவு. பின்னால் வந்த லோரிக்காரர் ஒளி அடித்துப் பார்த்துவிட்டு முந்திப் போனார். கணவர் இப்போது எழுந்து வருவதில்லை. ஆனால் நிலையத்தில் இறங்கி “வந்துட்டேன்” என்று செய்தி அனுப்பினால், ஐந்து மணிக்கும் அந்த இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுகின்றன.